சுவாமியின் அம்மா டைரக்டரான கதை

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்துக்கும் காக்ஸ் டவுனுக்கும் அருகே இருக்கும் ஜீவனஹள்ளிச் சந்துகளில் மாலை ஏழு மணிக்கு நடந்து போனால், எந்த வீட்டில் எந்த மொழிக்காரர் குடியிருக்கிறார் என்று கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. டி.வி. சத்தமே சொல்லிவிடும். ஒரு வீட்டில் தமிழ்த் தொடர், ஒட்டிய வீட்டில் கன்னடத் தொடர், மாடியில் தெலுங்கு. நடுவே இருப்பது ஒரு செங்கல் சுவர்தான்.

1986, 87ஆம் ஆண்டுகளில் இப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே தூர்தர்ஷன். அந்த டி.வி. பெட்டியும் சந்துக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் இருக்கும். சங்கத்தில் கடன் போட்டு, மாதத் தவணையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தரையிலும், பெண்கள் வாசற்படியிலும், வேலைவிட்டு வந்த ஆண்கள் ஜன்னலுக்கு வெளியிலுமாக நின்று பார்த்த காலம். அப்படிக் கூட்டமாகப் பார்த்த தொடர்களில் ஒன்று 'மால்குடி டேஸ்'.

பேச்சு இந்தியில் இருந்தது. பார்த்த தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. ஆனால் சுவாமி என்ற அந்தப் பையனையும், அவன் வீட்டுத் திண்ணையையும், பாட்டியையும் புரிந்துகொள்ள இந்தி தேவைப்படவில்லை. அப்பா கண்டிப்பான மனிதர். பெரிய நடிகரும் நாடக ஆசிரியருமான கிரீஷ் கர்னாட் அந்த வேஷத்தில் வந்தார். பிள்ளை மாஸ்டர் மஞ்சுநாத். பரீட்சை, கிரிக்கெட், பள்ளிக்கூடத்துப் பிரம்படி என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் போராட்டத்தில், இருவருக்கும் நடுவே ஓர் அம்மா நடமாடிக்கொண்டிருப்பார். சோறு போடுவார், பிள்ளையின் அழுகையைக் கவனிப்பார், கணவரின் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். நம் வீட்டு அம்மாக்களும் அதைத்தான் செய்தார்கள். அதனால்தானோ என்னவோ, அவர் நடிக்கிறார் என்பதே பலருக்குத் தோன்றவில்லை.

சங்கர் நாக் பெயர் தெரியும். கிரீஷ் கர்னாட் பெயர் தெரியும். மஞ்சுநாத் பெயரைச் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். அந்த அம்மாவின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. 'சுவாமியின் அம்மா', அவ்வளவுதான்.

அவர் பெயர் வைசாலி காசரவள்ளி. நாடக மேடையில் தொடங்கி, சினிமாவிலும் டி.வி.யிலும் நடித்து, உடையலங்காரத்துக்கு ஜனாதிபதி விருது பெற்று, கடைசியில் கன்னட டி.வி. தொடர்களின் டைரக்டராக வீட்டுக்கு வீடு பேசப்பட்டவர். 2010 செப்டம்பர் 27ந் தேதி இதே பெங்களூரில் தம் 58ஆவது வயதில் காலமானார். அவர் டைரக்ட் செய்த தொடர்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நம்மவர்களில் பெரும்பாலோர் சுவருக்கு இந்தப் பக்கம் வேறு தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு கை சேர்ந்த வேலை

'மால்குடி டேஸ்' எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கதை எழுதிய ஆர்.கே. நாராயண் 1906ல் சென்னையில் பிறந்த தமிழர், வாழ்நாளில் பெரும்பகுதி மைசூரில் இருந்தவர், எழுதியது ஆங்கிலத்தில். பெங்களூரில் பாட்டி பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தபோது, மனத்தில் முதலில் எழுந்தது சின்ன ரயில் நிலையத்துடன் கூடிய ஓர் ஊர் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஊர்தான் மால்குடி. 'சுவாமியும் நண்பர்களும்' நாவல் 1935ல் வெளிவந்தது. சுமார் 50 ஆண்டு கழித்து அதையும் சிறுகதைகளையும் டி.வி.க்குக் கொண்டுவந்தவர் கன்னட நடிகர் சங்கர் நாக். இசை நம்முடைய எல். வைத்தியநாதன். அந்த முகப்பு இசையை இன்றும் எங்காவது செல்போனில் மணியாக வைத்திருப்பார்கள். முகப்பில் வரும் கோட்டுச் சித்திரங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை.

ஆக, தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய கதையைக் கன்னட நாடகக்காரர்கள் நடித்து, இந்தியில் பேசி, நாடு முழுவதும் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் வைசாலி. தீர்த்தஹள்ளி தாலுகாவில் மலைச்சாரலில் இருக்கும் ஆகும்பே கிராமத்தில் படப்பிடிப்பு நடந்தது. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊர். அங்கே ஒரு பழைய பெரிய வீடுதான் சுவாமியின் வீடு. வைசாலியின் கணவர் கிரீஷ் காசரவள்ளி பிறந்ததும் அதே தாலுகாவில்தான்.

ரயிலில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது சிவமொக்கா - தாளகுப்பா பாதையில் உள்ள அரசாளு என்ற சின்ன நிலையம். அப்போது அது மீட்டர்கேஜ். பாதை அகலமான பிறகு பழைய கட்டடம் பாழடைந்து கிடந்தது. தென்மேற்கு ரயில்வே அதைப் பழுதுபார்த்து, 2020ல் மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்த வேலையைச் செய்தவர், தொடருக்கு அன்று கலை டைரக்டராக இருந்த ஜான் தேவராஜ். ஒரு பொய் ஸ்டேஷன் தன் பெயரால் உண்மை ஸ்டேஷனைக் காப்பாற்றியது வேறு எங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. குமாஸ்தாக்கள் மறக்கமுடியாத கதை ஒன்று அந்தத் தொடரில் வந்தது. மகளைச் சினிமாவுக்கு அழைத்துப்போவதாகச் சொன்ன தகப்பன், ஆபீசில் மேலதிகாரியிடம் மாட்டிக்கொள்கிறான். இனி வேலையே வேண்டாம் என்று ராஜினாமா எழுதி எடுத்துக்கொண்டு போகிறான். ஐந்து ரூபாய் சம்பள உயர்வு என்றதும் கடிதம் கிழிபடுகிறது. வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கிவிட்டது. அந்தக் குமாஸ்தாவாக நடித்தவர் விஷ்ணுவர்தன். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார்கள்.

குல்பர்காவிலிருந்து வந்தவர்

வைசாலி பிறந்தது 1952 ஏப்ரல் 12ல், குல்பர்காவில். சென்னை - பம்பாய் மார்க்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். குண்டக்கல், ராய்ச்சூர், வாடி, அப்புறம் குல்பர்கா. பெங்களூரிலிருந்து உத்யான் எக்ஸ்பிரஸ் அதன் வழியாகத்தான் போகிறது. துவரம்பருப்புக்குப் பேர்போன ஜில்லா. 2014ல் ஊரின் பெயர் கலபுரகி என்று மாறியது.

அவர் பிறந்தபோது குல்பர்கா இந்த ராஜ்யத்திலேயே இல்லை. நிஜாம் ஆட்சி 1948ல் முடிந்து, ஐதராபாத் ராஜ்யத்தின் ஜில்லாவாக இருந்தது. 1956 நவம்பர் 1ந் தேதி மொழிவாரியாக எல்லை போட்டபோதுதான் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது 1973ல். பெங்களூருக்கு வரும் குல்பர்காக்காரர் வீட்டில் பேசுவது கன்னடமே என்றாலும், அதில் உருது, மராட்டி, தெலுங்கு வாடை கலந்திருக்கும். மைசூர்ப் பக்கம் 'வாங்க' என்பதற்கு 'பன்னி' என்றால், தார்வாட் பக்கம் 'பர்ரி' என்பார்கள். இங்கே ராகிக் களி என்றால் அங்கே சோள ரொட்டி. கன்னட சினிமாவில் இந்த வடக்குப் பேச்சு வெகுகாலம் சிரிப்பு நடிகர்களின் வாயில்தான் வந்தது. கதாநாயகனும் நாயகியும் பெங்களூர், மைசூர்க் கன்னடத்தில்தான் காதல் செய்வார்கள்.

இதன் வலி தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் சினிமாவில் எத்தனை காலம் கேலிக்கு மட்டும் பயன்பட்டன? விடுமுறைக்கு ஆம்பூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று சொந்த ஊருக்குப் போகும் ஜீவனஹள்ளிப் பிள்ளைகளை, அவர்களின் பெங்களூர்த் தமிழுக்காக மாமன் பிள்ளைகள் கேலி செய்யாத வருஷம் உண்டா?

பெங்களூர் நாடக உலகம் சூடாக இருந்த காலத்தில் வைசாலி மேடைக்கு வந்தார். ரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் புதுப்புது நாடகங்கள் வந்துகொண்டிருந்த 1970கள். பி.வி. காரந்த் போன்றவர்களின் டைரக்ஷனில் நடித்தார். 'துக்ளக்', 'ஹயவதனா' முதலான கிரீஷ் கர்னாடின் நாடகங்களில் அவருக்கு இடம் இருந்தது. 'துக்ளக்' என்றதும் நம்மவர்களுக்கு சோவின் நாடகம் நினைவுக்கு வரும். இது வேறு. சோவின் நாடகத்துக்கு முன்பே, 1964ல் கர்னாட் கன்னடத்தில் எழுதிய சரித்திர நாடகம். சிரிக்க வைக்கும் ரகமில்லை. 'ஹயவதனா'வின் கதை நமக்கு வேதாளம் சொன்ன கதைதான்: இரண்டு நண்பர்களின் தலைகள் மாறிப்போக, இப்போது யார் கணவன் என்று ஒரு பெண் தவிக்கும் கதை.

அந்த நாளைய நாடகக் குழுக்களில் சம்பளம் கிடையாது. பகலில் பாங்கிலும் ஆபீசிலும் கல்லூரியிலும் இருந்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். நடிகர்களே பெட்டி தூக்குவார்கள், திரை கட்டுவார்கள், உடை தைப்பார்கள், அடுத்தவர் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ராஜா வேஷம் போட்டவர் ஆட்டம் முடிந்ததும் துடைப்பம் எடுத்து மேடையைக் கூட்டுவார். சினிமா ஸ்டுடியோவில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே நடிகைக்குக் குடை பிடிக்க ஒருவர், முகம் துடைக்க ஒருவர்.

சினிமாவில் அவர் 1974ல் 'புரொபசர் ஹுச்சுராயா' படத்தில் வந்தார். கன்னட சினிமாவின் பெரிய சிரிப்பு நடிகர் நரசிம்மராஜு நடித்த படம் அது. அதன்பின் பல படங்களில் நடித்தபோதும் வைசாலி 'ஸ்டார்' ஆகவில்லை. அம்மா, அக்கா, அண்டை வீட்டுப் பெண் என்று கதையைத் தாங்கும் வேஷங்களே கிடைத்தன. அதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகி தன் காட்சி முடிந்ததும் அறைக்குப் போய்விடலாம். துணை நடிகை எல்லாக் காட்சிகளின் ஓரத்திலும் நிற்க வேண்டும். நின்றவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் மணந்துகொண்ட கிரீஷ் காசரவள்ளி சாதாரண டைரக்டர் அல்ல. புனா திரைப்படக் கல்லூரியில் படித்து வந்து, 1977ல் எடுத்த முதல் படம் 'கடஸ்ராத்த'வுக்கே நாட்டின் சிறந்த படம் என்ற தங்கத் தாமரை வாங்கியவர். பின்னர் 'தபரன கதே', 'தாயி சாஹேபா', 'த்வீப' என்று மொத்தம் நான்கு தங்கத் தாமரைகள். இப்படிப்பட்டவரின் மனைவி என்றால், ஊர் என்ன சொல்லும்? 'புருஷன் தயவில் சினிமாவில் இருக்கிறார்' என்றுதானே? வைசாலியின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை. கணவரின் படம் வருஷத்துக்கு ஒன்று வருவதே அபூர்வம். அதுவும் விருது வாங்கும், திரையரங்கில் ஓடாது. மனைவி போய் நின்ற இடம் வீட்டுக்கு வீடு ஓடும் டி.வி. தொடர். கணவர் போகாத தெரு அது.

பெட்டிக்குள் இருந்த புடவைகள்

அதற்கு முன் அவருடைய இன்னொரு தொழிலைச் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் 'தாயி சாஹேபா' தங்கத் தாமரை பெற்றது. அதே படத்தில் உடையலங்காரத்துக்கான தேசிய விருது வைசாலிக்குக் கிடைத்தது.

ஜெயமாலா தயாரித்து, அவரே நடித்த படம். வட கர்நாடகத்துப் பெரிய வீடு ஒன்றின் கதை. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய ஜமீன் கணவர், குழந்தையில்லாத மனைவி, ஒரு சுவீகாரப் பிள்ளை, கணவருக்கு வெளியே இருக்கும் இன்னொரு குடும்பம். சுவீகாரப் பிள்ளை அந்த இன்னொரு வீட்டுப் பெண்ணையே விரும்பிவிடுகிறான். ரத்த சம்பந்தம் இல்லை. ஆனால் சட்டப்படி அண்ணன் தங்கை. சுதந்திரத்துக்கு முன்பு தொடங்கி, அது கிடைத்து ஆண்டுகள் கடந்த பின்னும் கதை போகிறது.

இந்த மாதிரிப் படத்துக்கு உடை தருவது என்பது ஜவுளிக்கடைக்குப் போய் நாலு புடவை வாங்கும் வேலையல்ல. ஜமீன்காரி என்ன உடுத்துவாள், காதி இயக்கம் வந்த பின் அந்த வீட்டில் எது மாறும், வேலைக்காரி எதை உடுத்துவாள், வைப்பாக இருக்கும் பெண்ணின் சேலை வீட்டுக்காரியின் சேலையிலிருந்து எந்த நூலில் வேறுபடும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வட கர்நாடகத்துச் சேலை என்றால் இளகல். உடல் பருத்தி, முந்தானை சிவப்புப் பட்டு. முந்தானையின் பாவு நூலையும் உடலின் பாவு நூலையும் தறியிலேயே ஒவ்வொன்றாகக் கொக்கிபோலக் கோத்துச் சேர்ப்பார்கள். அந்தச் சேர்க்கைக்குக் 'கொண்டி' என்று பெயர். குளேதகுட்டாவில் நெய்யும் கண ரவிக்கைத் துணி, தார்வாடின் கசூதி எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஊரும் சாதியும் காலமும் உண்டு. காஞ்சிபுரத்துக்கும் சின்னாளப்பட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் தமிழ்க் குடும்பப் படத்துக்கு உடை தர முடியுமா? அதே கதைதான். அந்தச் சீமையில் பிறந்தவருக்கு இது பாடம் படித்து வரும் அறிவல்ல.

கர்நாடகத்தில் இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. பி.வி. காரந்தின் மனைவி பிரேமா காரந்த். அவரும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை தைத்தவர். 1983ல் 'பணியம்மா' என்ற படத்தை டைரக்ட் செய்தார். இரண்டு பெண்கள், இருவரின் கணவன்மாரும் புகழ்பெற்ற டைரக்டர்கள், இருவரும் தையல் பெட்டியைத் திறந்தபடிதான் டைரக்டர் நாற்காலிக்குப் போனார்கள். தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

தமிழில் பெண்கள் டைரக்டர் ஆனது புதிதல்ல. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா'வை டைரக்ட் செய்தார். பானுமதி 1953ல் 'சண்டிராணி'. சாவித்திரி 'குழந்தை உள்ளம்', 'பிராப்தம்' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். லட்சுமி 1980ல் 'மழலைப் பட்டாளம்' எடுத்தார். விஷ்ணுவர்தன் நடித்த அதுவே கன்னடத்தில் 'மக்கள சைன்ய'. டி.வி.க்கு வந்தால், சுஹாசினி 1991ல் தூர்தர்ஷனுக்காகச் செய்த 'பெண்' இன்றும் பேசப்படுகிறது. ரேவதி 2002ல் 'மித்ர்' எடுத்தார். ஆனால் இவர்கள் எல்லோரும் முதலில் கதாநாயகிகள். பேரும் முகமும் விலைபோன பிறகு டைரக்ஷனுக்கு வந்தவர்கள். வைசாலி ஓரத்தில் நின்ற இடத்திலிருந்து நடுவுக்கு வந்தவர். அந்த வழி நீளமானது.

கிழக்கு வீடு

கன்னட டி.வி. தொடர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நாடகக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 1998ல் டி.என். சீதாராம் முதலானோர் தூர்தர்ஷனுக்குச் செய்த 'மாயாமிருக' அப்படி வந்தது. பிறகு தனியார் சானல்கள் வரிசையாகத் தோன்றின. இந்தக் காலத்தில்தான் வைசாலி டைரக்டராகத் தெரியவந்தார். 'கூடினிந்த ககனக்கே', 'மூடல மனே', 'முத்தின தோரண' என்பவை அவர் டைரக்ட் செய்த தொடர்கள். பெயர்களைப் பாருங்கள்: கூட்டிலிருந்து ககனத்துக்கு, கிழக்கு மனை, முத்துத் தோரணம். கூடு, மனை, முத்து, தோரணம் என்று பாதிச் சொற்கள் நம் வீட்டுச் சொற்களே. மொழிபெயர்க்கவே வேண்டாம்.

இவற்றில் 'மூடல மனே' தனி. ஈ டி.வி. கன்னடத்தில் ஓடியது. 2015ல் அந்த சானல் கலர்ஸ் கன்னடம் என்று பெயர் மாறிவிட்டது. வட கர்நாடகத்துக் குடும்பம் ஒன்றின் கதை. பேச்சும் அந்தச் சீமைப் பேச்சு. சிரிக்க வைக்க ஒரு வேலைக்காரன் மட்டும் 'பர்ரி' என்று சொல்லவில்லை. வீட்டுப் பெரியவரும், மருமகளும், காதலிப்பவர்களும், சாவு வீட்டில் அழுகிறவர்களும் அதே பேச்சைப் பேசினார்கள். கோபத்துக்கும் துக்கத்துக்கும் அந்தப் பேச்சு போதும் என்று தெரிந்தது. பெங்களூர் பீன்யாவிலும் கட்டட வேலைகளிலும் கூலிக்கு வந்து கிடந்த பிஜாப்பூர், ராய்ச்சூர், குல்பர்கா ஜில்லாக்காரர்களுக்கு, தாங்கள் பேசுவது டி.வி. நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டது எப்படியிருந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்க்கலாம். அவர்களும் ஒரு வகையில் நம்மைப்போல் வெளியூர்க்காரர்களே. ராஜ்யம் ஒன்று, அவ்வளவுதான் வேறுபாடு.

தொடர் டைரக்ஷன் எவ்வளவு கடினமான வேலை என்பது வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்கு மேல் கதை ஓடும். வாரத்துக்கு ஐந்து நாள் அதைக் கொடுத்தாக வேண்டும். சினிமாவில் ஒரு காட்சிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நாளில் பல காட்சிகள். வசனம் எழுதும் மையே காயாமல் கைக்கு வரும். அதைவிடப் பெரிய தலைவலி, காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒரு கூடம் வாடகைக்குக் கிடைத்தால் அந்தக் கூடத்துக் காட்சிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவார்கள். காலையில் கல்யாணம், மத்தியானம் அதற்கு முன் நடந்த பெண் பார்க்கும் சடங்கு, மாலையில் ஆறு மாதம் கழித்து நடக்கும் சண்டை. கல்யாணத்துக்கு முன் காட்சியில் தாலியைக் கழற்ற மறந்தால் தீர்ந்தது. சண்டைக் காட்சியில் மாமியார் கட்டியிருக்கும் சேலை, அடுத்த வாரம் வாசலில் எடுக்கப்போகும் தொடர்ச்சியிலும் அதே மடிப்போடு இருக்க வேண்டும். எந்தப் பாத்திரம் எந்த நாளில் எந்தத் துயரத்தில் இருக்கிறது என்பதை ஒருவர் தலையில் வைத்திருக்க வேண்டும்.

உடைப் பெட்டியைக் காத்த கண்ணுக்கு இது பழக்கப்பட்ட வேலை. மேடையில் அடுத்தவர் வசனத்தையும் மனப்பாடம் செய்த பழக்கமும் இங்கே கைகொடுத்திருக்கும். துணை வேஷக்காரர்களிடம் வேலை வாங்கத் தெரியாமல்தான் பல தொடர்கள் படுத்துவிடுகின்றன. நாயகிக்கு மட்டும் முகத்தருகே காமிரா போகும், மற்றவர்கள் சுவர்போல நிற்பார்கள். ஓரத்தில் பல ஆண்டுகள் நின்றவர் டைரக்டரானால், அங்கே நிற்பவர் மறக்கப்படுவாரா?

அப்போது ஜீவனஹள்ளியில் என்ன நடந்தது? கேபிள்காரர் வந்துவிட்டார். சன் டி.வி.யில் 'சித்தி' முடிந்து 'மெட்டி ஒலி' ஓடியது. அந்த நேரத்தில் வாசலுக்கு விருந்தாளி வந்தாலும் 'உள்ளே வாங்க' என்பதற்குப் பதில் 'விளம்பரம் வரட்டும்' என்ற நிலை. தமிழ்த் தொடரைக் குறை சொல்வதற்கில்லை. அதுவும் நடுத்தரக் குடும்பத்தின் கண்ணீரைச் சொன்னதுதான். பிழைக்க வந்த ஊரில், வேலை முடிந்து வீடு திரும்பியதும் சொந்த மொழியைக் கேட்க ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துப் பேர் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்த காலத்தில், மொழி தெரியாமலே ஒரு குல்பர்காப் பெண்ணை நம் அம்மா என்று ஏற்றுக்கொண்டோம். நூறு சானல் வந்து, கன்னடமும் ஓரளவு புரியத் தொடங்கிய பிறகு, அதே பெண் தம் சொந்தக் கதையைச் சொல்ல வந்தபோது ரிமோட்டைத் தாண்டி அழுத்திவிட்டோம்.

இதே விஷயத்தைக் கணவர் கிரீஷ் 2008ல் 'குலாபி டாக்கீஸ்' என்ற படமாக எடுத்தார் என்பது வேடிக்கைதான். மீனவர் குப்பத்தில் ஒரு முஸ்லிம் மருத்துவச்சியின் குடிசைக்கு கலர் டி.வி. வருகிறது. பேசாதிருந்த பெண்கள் எல்லாம் அங்கே கூடுகிறார்கள். நாள் போகப்போக, வெளியே நடக்கும் சச்சரவு அந்தக் குடிசைக்குள்ளும் நுழைகிறது. உமாஸ்ரீக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த வேஷம் அது. அந்தப் படம் வந்து இரண்டு ஆண்டில் வைசாலி மறைந்தார்.

பிள்ளைகள் இருவரும் இதே துறையில் இருக்கிறார்கள். மகன் அபூர்வா 'நிருத்தர' என்ற படத்தை டைரக்ட் செய்தார். மகள் அனன்யா, தாயைப்போலவே முதலில் நடிகை, டி.வி.யிலும் நடித்தவர். 2016ல் அவர் டைரக்ட் செய்த 'ஹரிகதா பிரசங்க' தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழா வரை போய் வந்தது. யட்சகானத்தில் ஆயுள் முழுவதும் பெண் வேஷம் கட்டும் ஓர் ஆண் கலைஞரின் கதை. வேஷம் கலைத்த பிறகும் சேலையின் நடையும் கைவீச்சும் அவரை விடமாட்டேன் என்கின்றன. கட்டியவரின் வீடும் ஊரும் அதைத் தாங்கமாட்டேன் என்கின்றன. புடவையின் மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த தாயின் மகள், தம் முதல் படத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்ட கதை இது.

'மால்குடி டேஸ்' இன்று செல்போனிலேயே கிடைக்கிறது. ஜீவனஹள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் உண்டு, இந்தியும் உண்டு. சுவாமி வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று இப்போது அவர்கள்தான் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறார்கள்.